முன்பின் தெரியாதவரோடு நாலு வார்த்தை!

“எங்கே பிரயாணம்?”

திருநெல்வேலியில் இருந்து செங்கோட்டை போகும் ரெயில். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கிறார்.

“தென்காசிக்கு, ஐயா.”

“அட! எனக்கு அம்பாசமுத்திரம். தென்காசியிலே உங்களுக்கு எந்தத் தெரு, தம்பி?”

அவ்வளவுதான். பேச்சு தொடங்கிவிட்டது! மழை, நெல் விலை, மகள் கல்யாணம், மகன் வேலை, முழங்கால் வலிக்குக் கை கண்ட மருந்து என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். இறங்கும் இடம் வந்ததும், “வரட்டுமா, தம்பி?” என்று ஒரு கும்பிடு. அதோடு சரி. இனி அந்தப் பெரியவரைப் பார்க்கப் போவதில்லை. பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

ஆனாலும் மனதில் ஒரு நிறைவு. வந்த தூரமே தெரியவில்லை. என்ன காரணம்?

இந்தக் கேள்விக்கு விடை காண அறிஞர்கள் பலர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். இன்று அந்த ஆராய்ச்சிக்கு அவசியமும் வந்திருக்கிறது. பஸ்சில், ரெயிலில், டாக்டர் வீட்டு வாசலில், ரேஷன் கடை வரிசையில் எங்கே பார்த்தாலும் எல்லோர் கையிலும் செல்போன். குனிந்த தலை நிமிர்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாமலே மணிக்கணக்கில் பிரயாணம் முடிந்துவிடுகிறது.

மக்கள் பேச விரும்பவில்லையா? அல்லது பேசப் பயப்படுகிறார்களா?

சிகாகோ ரெயிலில் ஒரு சோதனை

அமெரிக்காவில் சிகாகோ ஒரு பெரிய நகரம். அதற்குத் தெற்கே ஹோம்வுட் என்ற சிறிய ஊர் இருக்கிறது. நம் செங்கல்பட்டில் இருந்து சென்னைக்குப் போகிறவர்களைப் போல, அங்கிருந்தும் தினமும் காலையில் ஏராளமானோர் ரெயில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவது அங்கே வழக்கம் இல்லை.

நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு மனநூல் அறிஞர்கள் அந்த ரெயில் நிலையத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2014-ல் வெளியாயிற்று.

சோதனைக்குச் சம்மதித்த பிரயாணிகளை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள்.

முதல் வகையினருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். “இன்று பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாதவரோடு பேச வேண்டும். அவரைப் பற்றிக் கேட்க வேண்டும். உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்” என்பதுதான் அந்த வேலை.

இரண்டாவது வகையினர் யாரோடும் பேசாமல் தனியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வகையினர் தினமும் எப்படிப் போவார்களோ, அப்படியே போகலாம்.

பிரயாணம் முடிந்ததும், “இன்றைய பிரயாணம் எப்படி இருந்தது?” என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள்.

அதிக மகிழ்ச்சி அடைந்தவர்கள் யார் தெரியுமா? பக்கத்தில் இருந்தவரோடு பேசியவர்கள்தான்! தனியாக உட்கார்ந்து வந்தவர்களுக்கு மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது.

கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்துமோ என்று தோன்றலாம். அப்படியும் இல்லை. கூச்சம் உள்ளவர்களும் பேசிய பிறகு மகிழ்ச்சியாகவே இருந்தார்கள்.

வேடிக்கை இனிமேல்தான் இருக்கிறது. அதே வழியில் செல்லும் வேறு சிலரிடம், “நீங்கள் இப்படிப் பேசிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் யாரிடமும் பேசவில்லை. மனதில் நினைத்துப் பார்த்துப் பதில் சொன்னார்கள். “தனியாகப் போவதுதான் நிம்மதி. பேசிக்கொண்டு போவது கஷ்டம்” என்பதே அந்தப் பதில்களின் சாரம்.

அதாவது, எது தங்களுக்கு மகிழ்ச்சி தரும் என்பதையே அவர்கள் தலைகீழாகக் கணக்குப் போட்டிருந்தார்கள்!

இருவருக்கும் ஒரே பயம்

கணக்கு ஏன் தப்பியது? அறிஞர்கள் அதையும் தேடினார்கள்.

“ரெயிலில் இருப்பவர்களில் எத்தனை பேர் உங்களோடு பேச விரும்புவார்கள்?” என்று பிரயாணிகளைக் கேட்டார்கள். பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் சோதனையில் பேச முயன்றவர்களில் ஒருவரும், தம்மை மற்றவர் முகத்தில் அடித்தாற்போல் ஒதுக்கியதாகச் சொல்லவில்லை.

பேசியவருக்கு மகிழ்ச்சி. சரி, பேச்சுக்கு ஆளானவர் நிலை என்ன? அவர் மனதுக்குள் அலுத்துக்கொண்டிருந்தால்?

அதற்கும் ஒரு சோதனை நடந்தது. காத்திருக்கும் அறை ஒன்றில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் மற்றவரிடம் பேச்சுக் கொடுத்தார். பேச்சைத் தொடங்கியவரும் மகிழ்ந்தார். பதில் சொன்னவரும் மகிழ்ந்தார்.

ஆக, நடப்பது இதுதான். இவர், “அவருக்குப் பேச விருப்பம் இல்லை போலும்” என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார். அவரும், “இவருக்கு விருப்பம் இல்லை போலும்” என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் பேச ஆசை. இரண்டு பேருக்கும் ஒரே பயம். நஷ்டமும் இரண்டு பேருக்கும்தான்!

பேசி முடித்த பிறகும் இந்தப் பயம் போவதில்லை. “ஏதோ உளறிவிட்டோமோ? நம்மைப் பற்றி என்ன நினைத்தாரோ?” என்று மனது அடித்துக்கொள்கிறது. 2018-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சி இதற்கு நல்ல பதில் சொன்னது. புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். “அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது” என்றே இருவரும் நினைத்தார்கள். உண்மையில், அவர்கள் நினைத்ததைவிட அதிகமாகவே ஒருவரை ஒருவருக்குப் பிடித்திருந்தது!

லண்டனைக் கலக்கிய பேட்ஜ்

லண்டன் மாநகரில் பூமிக்கு அடியில் ரெயில் ஓடுகிறது. அந்த ரெயிலில் பேசுவது என்றாலே லண்டன்வாசிகளுக்கு ஆகாது.

அங்கே குடியிருந்த ஜோனாதன் டன் என்ற அமெரிக்கர் 2016-ல் ஒரு காரியம் செய்தார். “அரட்டைக்குத் தயாரா?” என்று கேட்கும் பேட்ஜ்களை அச்சடித்தார். பேச விரும்புகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளலாம் என்று ரெயில் பிரயாணிகளுக்கு இலவசமாக வழங்கினார்.

லண்டனே அலறியது! “இது என்ன விபரீதம்?” என்று பலர் கோபப்பட்டார்கள். “என்னோடு பேசவே நினைக்காதே” என்ற பொருளில் எதிர் பேட்ஜ்கூட வந்துவிட்டது. பத்திரிகைகளில் இதுதான் பேச்சு.

ஆனால் சிகாகோவில் நடந்த அதே சோதனையைப் பிறகு லண்டன் பக்கத்து ரெயில்களிலும் நடத்திப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. பேசியவர்களே அதிகம் மகிழ்ந்தார்கள். எந்த ஊரானால் என்ன? மனித மனம் ஒன்றுதான்!

மதுரை ரெயிலில் மகாத்மா

இந்தப் பேச்சால் பொழுது போகும், மனம் மகிழும். அவ்வளவுதானா? இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கைப் போக்கையே அது மாற்றிவிடுவதும் உண்டு. அப்படி ஒரு பேச்சு நம் தமிழ்நாட்டு ரெயிலிலேயே நடந்திருக்கிறது.

1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். மகாத்மா காந்தி சென்னையில் இருந்து மதுரைக்கு ரெயிலில் வந்துகொண்டிருந்தார். அந்நியத் துணியை விலக்கிக் கதர் கட்ட வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் பேசிவந்த காலம் அது.

பெட்டியில் இருந்தவர்களைக் காந்தி பார்த்தார். ஏறக்குறைய எல்லோரும் அந்நியத் துணியே அணிந்திருந்தார்கள். அவர்களில் சிலரோடு பேச்சுக் கொடுத்தார். கதர் அணியும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் தலையை ஆட்டி மறுத்தார்கள். தாங்கள் ஏழைகள் என்றும், கதரின் விலை தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றும் சொன்னார்கள்.

சொன்னவர்கள் பெரிய தலைவர்கள் அல்ல. அவர்கள் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதில் காந்தியின் மனதில் தைத்தது. அதில் உண்மை இருப்பதை அவர் உணர்ந்தார். தாம் தொப்பியும் சட்டையும் முழு வேட்டியும் அணிந்துகொண்டு, முழத் துணிக்கே வழி இல்லாத மக்களுக்கு எப்படி உபதேசம் செய்வது என்று சிந்தித்தார்.

ஆடையைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் அதற்கு முன்பும் அவருக்கு வந்தது உண்டு. ஆனால் துணிவு வரவில்லை. மதுரையில்தான் துணிந்தார். 1921 செப்டம்பர் 22-ந் தேதி மேல மாசி வீதி வீட்டில் இருந்து அவர் அரையாடையோடு வெளியே வந்தார். அன்று முதல் கடைசி வரை அந்தக் கோலம் மாறவில்லை. 1931-ல் லண்டன் அரண்மனைக்குப் போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோதும் அதே அரையாடைதான்!

காந்தி அன்று புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்திருந்தால், அந்த ஏழைகளின் பதில் அவர் காதில் விழுந்திருக்குமா?

கும்பகோணத்தில் ஒரு கேள்வி

இன்னொரு பேச்சு. இது தமிழுக்கே வாழ்வு கொடுத்த பேச்சு.

1880-ம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தார் உ.வே.சாமிநாத அய்யர். வயது 25. அந்த ஊருக்குச் சேலம் ராமசாமி முதலியார் என்பவர் முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சொன்னதன் பேரில் அய்யர் மரியாதைக்காக அவரைப் பார்க்கப் போனார். இருவருக்கும் அதற்கு முன் பழக்கம் இல்லை.

“என்னென்ன படித்திருக்கிறீர்கள்?” என்ற விசாரணை நடந்தது. அய்யர் தாம் படித்த நூல்களின் பெயர்களை அடுக்கினார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள் என்று பட்டியல் நீண்டது. முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்தது உண்டா என்று அவர் கேட்டார்.

அய்யர் படித்தது இல்லை. அந்தக் காலத்தில் அந்த நூல்களைப் படிக்கிறவர்களே அரிது. ஏட்டுச் சுவடிகளாக அவை மூலையில் கிடந்தன.

அந்தக் கேள்வி அய்யரை உறங்க விடவில்லை. முதலியாரே கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். ஊர் ஊராகச் சுவடி தேடினார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று அடுத்தடுத்து வெளிவந்தன. கரையானுக்கு இரையாக இருந்த செல்வம் தமிழருக்குக் கிடைத்தது.

நம்மோடு தினமும் பேசுகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். புதியவருக்குத்தான் புதிய கேள்வி கேட்கத் தெரியும். அய்யருக்கு வாய்த்தது அப்படி ஒரு கேள்வி!

திண்ணையும் ரெயிலும்

வழிப்போக்கரோடு பேசுவது தமிழருக்குப் புதிது அல்ல. வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. நடந்து வந்தவர் அதில் உட்கார்ந்து இளைப்பாறுவார். “எந்த ஊர்?” என்று கேட்டபடி வீட்டுக்காரர் மோர் கொடுப்பார். சாலை ஓரத்தில் சுமைதாங்கிக் கல் இருந்தது. தலைச்சுமையை அதில் இறக்கிவைத்தவர்கள் மனச்சுமையையும் இறக்கிவைத்தார்கள்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. சாதி பார்த்துத்தான் உட்காரவைத்தார்கள். தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களும் உண்டு.

1856 ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்தில் இருந்து ஆற்காடு பக்கம் ரெயில் ஓடத் தொடங்கியது. தென்னாட்டின் முதல் பிரயாணிகள் ரெயில் அதுதான். ஒரே வகுப்புக்கு டிக்கெட் வாங்கியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது. அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனாலும், வாழ்நாளில் ஒருவரை ஒருவர் நெருங்கியே இராத இரண்டு பேர் தோளோடு தோள் இடித்து உட்கார ஓர் இடம் கிடைத்தது. அதனால்தான் ரெயில் பேச்சுக்குத் தனி மதிப்பு!

கடையில் சிரித்தால் என்ன?

நீண்ட பிரயாணம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு நிமிடப் பேச்சும் போதும்.

கனடா நாட்டில் வான்கூவர் நகரக் காப்பிக் கடை ஒன்றில் நடந்த சோதனை இது. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேரிடம், “காசைக் கொடுத்தோம், காப்பியை வாங்கினோம் என்று வந்துவிடுங்கள்” என்றார்கள். மீதிப் பேரிடம், “கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள்” என்றார்கள். இந்த முடிவும் 2014-ல் வெளிவந்தது. சிரித்துப் பேசிவிட்டு வந்தவர்களே அதிக உற்சாகத்தோடு இருந்தார்கள்.

நெதர்லாந்து நாட்டில் ஜம்போ என்ற பலசரக்குக் கடைகள் உண்டு. அங்கே 2019-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். அவசரம் இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு கவுண்டர்! அதன் பெயரே “அரட்டைக் கவுண்டர்.” தனியாக வசிக்கும் முதியவர்கள் சாமான் வாங்கிவிட்டு, காசு வாங்கும் பெண்ணிடம் நிதானமாக நாலு வார்த்தை பேசலாம். பின்னால் நிற்பவர் முணுமுணுக்க மாட்டார். 2021-ல், 200 கடைகளில் இந்தக் கவுண்டரை வைக்கப் போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

இது வேடிக்கை அல்ல. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-ல் தெரிவித்தது. நம் ஊரிலும் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர் எத்தனை பேர்! காலையில் பால்காரரிடமும், கீரைக்காரம்மாளிடமும் பேசுவதுதான் சிலருக்கு அன்றைய முழுப் பேச்சு. “பாட்டி, இன்னைக்கு அரைக்கீரை நல்லா இருக்கு. நேத்து ஏன் உங்களைக் காணோம்?” என்று கீரைக்காரம்மாள் கேட்பது சின்ன விஷயம் அல்ல. தன்னைத் தேட ஓர் ஆள் இருக்கிறது என்று அந்தப் பாட்டிக்கு அது சொல்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும்

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பழகலாமா? கூடாது.

பிஸ்கட்டிலும் குளிர்பானத்திலும் மயக்க மருந்து கலந்து கொடுத்து, பிரயாணிகளிடம் கொள்ளை அடித்த சம்பவங்கள் உண்டு. ஆகவே தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்காதீர்கள். “இப்பதான் சாப்பிட்டேன், அண்ணே” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாருக்கும் மனம் நோகாது.

வீட்டு விலாசம், பையில் உள்ள பணம், பாங்கிக் கணக்கு, வீடு பூட்டிக் கிடக்கும் விவரம் ஆகியவற்றைச் சொல்லக் கூடாது. ரெயிலில் உதவி தேவைப்பட்டால் 139 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

இன்னொன்று. பேச்சுக் கொடுப்பது வேறு. தொல்லை கொடுப்பது வேறு. எதிரே இருப்பவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டால், அதோடு விட்டுவிட வேண்டும். முக்கியமாக, தனியாகப் போகும் பெண்ணிடம் ஆண்கள் இதை மறக்கக் கூடாது. களைத்துத் தூங்குகிறவரையும், கவலையோடு இருப்பவரையும் அவர்கள் போக்கில் விடுவதும் ஒரு மரியாதையே.

எப்படித் தொடங்குவது?

இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம்.

கண்முன்னே இருப்பதைக் கேட்கலாம். “இந்த வண்டி கடையத்திலே நிக்குமா?” “இந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?” இது போதும்.

சம்பளம் எவ்வளவு, என்ன சாதி, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஏன் குழந்தை இல்லை... இந்தக் கேள்விகள் வேண்டவே வேண்டாம். தொடங்கிய பேச்சை இவை கொன்றுவிடும்.

ஊரைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் கேளுங்கள். தறி நெய்கிறவர் தறியைப் பற்றிச் சொல்வார். லாரி ஓட்டுகிறவர் நாக்பூர் வெயிலைப் பற்றிச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாடம் அது. கேட்பதோடு நில்லாமல், உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். கேள்வி மட்டும் கேட்டால் போலீஸ் விசாரணைபோல் ஆகிவிடும்!

இந்த விஷயத்தில் சிகாகோக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. முன்பின் தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்கள் தயங்க வேண்டும். தமிழருக்கு அந்தத் தயக்கம் இல்லை. “அண்ணே”, “அக்கா”, “தம்பி”, “பாப்பா”, “பெரியம்மா”, “தாத்தா” என்று கூப்பிட ஆயிரம் முறை இருக்கிறது. கூப்பிட்ட அந்த நிமிடமே அந்நியர் அரை உறவாகிவிடுகிறார்.

முதல் வார்த்தைக்குத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும். அதற்காகத்தான் எதிரே இருப்பவரும் காத்திருக்கிறார்!